கண்ணுக்கு அமைந்த துப்பாக்கி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பள்ளி மாணவர்களுக்கென்று ஒரு துப்பாக்கி சுடும் லீக் 2001ஆம் ஆண்டு தொடங்கியது. வசந்த காலம் வந்தால் பிள்ளைகள் உள்ளூர் கிளப்புக்குப் போய், பறக்கும் தட்டுகளைச் சுட்டு உடைக்கிறார்கள். ட்ராப் என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். பிள்ளை ஒருநாள் வந்து "நானும் சேரட்டுமா?" என்று கேட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, துப்பாக்கிக்கு எவ்வளவு ஆகும் என்பதுதான். ட்ராப்புக்கென்றே செய்த துப்பாக்கிகள் சிலவற்றின் விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய காரே வாங்கிவிடலாம். அதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். தரையோடு தரையாக ஒரு சிறு கொட்டகை. அதற்குள் தட்டு எறியும் இயந்திரம். கொட்டகைக்கு 16 கஜம் பின்னால் ஐந்து பேர் பிறைவடிவில் நிற்பார்கள். ஒருவர் "புல்" என்று குரல் கொடுத்ததும் தட்டு கிளம்பும். இடப்பக்கமா, வலப்பக்கமா, நேராகவா என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் எப்போதும் நம்மைவிட்டு விலகித்தான் போகும். மேலே ஏறிக்கொண்டேதான் போகும். இந்த இரண்டையும் மனதில் வையுங்கள், துப்பாக்கித் தேர்வே இதில்தான் இருக்கிறது. ஆளுக்கு 25 தட்டுகள், தட்டுக்கு ஒரே வெடி. 19ஆம் நூற்றாண்டில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1880இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி மண்தட்டைக் கொண்டுவந்தார். புறாக்கள் பல பிழைத்தன.

நம் புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டாரே, அதுவும் ட்ராப்தான். ஆனால் அங்கே பள்ளத்தில் 15 இயந்திரங்கள், தட்டின் வேகம் அதிகம், தட்டுக்கு இரண்டு வெடி அனுமதி. நான் பேசுவது அமெரிக்கக் கிளப்புகளில் ஆடும் எளிய வகையைப் பற்றி.

சரி, எந்தத் துப்பாக்கி? கையில் பணம் குறைவு என்றால், யாரோ பயன்படுத்திய ரெமிங்டன் 870 பம்ப் துப்பாக்கி, 12 போர். 1950இல் வந்த மாடல், ஒரு கோடிக்கும் மேல் செய்து விற்றுவிட்டார்கள். பழைய துப்பாக்கி விற்கும் எந்தக் கடையிலும் ஒன்றாவது சாத்திக் கிடக்கும். உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மேகசின் குழாயின் முனையில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்தால் குழல் கையோடு வந்துவிடும். வீட்டுக் காவலுக்கென்று 18 அங்குலக் குட்டைக் குழலோடு விற்றதை மலிவாக வாங்கி, 28 அங்குலக் குழல் ஒன்றைத் தேடி மாட்டிக்கொள்ளலாம். மாற்றும் முன் உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். எட்டிப் பார்த்தால் போதாது, விரலை விட்டும் பாருங்கள்.

விங்மாஸ்டர் என்ற பெயர் பொறித்த பழையது கிடைத்தால் விடாதீர்கள். 1987இல் வந்த எக்ஸ்பிரஸ் என்ற மலிவு வகையில் ஒரு தொல்லை உண்டு. தோட்டா உட்காரும் அறையின் உட்புறம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். இரும்பு அடி வைத்த மலிவுத் தோட்டா, சுட்ட பிறகு அதில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். துடைக்கும் கம்பியில் மெல்லிய எஃகுப் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் விட்டு, அந்த அறையை மட்டும் பளபளப்பாகத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரைபிளில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. நாம் பேசும் ஷாட்கன்னில் குழல் நுனியில் சிறு மணி ஒன்று இருக்கும், அவ்வளவுதான். பின்குறி எங்கே? சுடுபவரின் கண்தான். அந்தக் கண் எந்த உயரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது, கன்னத்தை வைக்கிற மரக்கட்டை. வேட்டைக்குச் செய்த 870இல் அந்தக் கட்டை தாழ்வானது. குழலின் கோட்டுக்குக் கீழே முன்பக்கம் ஒன்றரை அங்குலம், தோள் பக்கம் இரண்டரை அங்குலம். இதில் கன்னத்தை நன்றாக அழுத்தினால் கண் துப்பாக்கியின் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகும். தட்டைப் பார்க்கத் தலை தானாக நிமிரும். தலை நிமிர்ந்தால் வெடி எங்கோ போகும். புதிதாகச் சுடுபவர்கள் தட்டைத் தவறவிடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, தட்டு ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே ட்ராப் துப்பாக்கி பார்க்கிற இடத்துக்குச் சற்று மேலே சுட வேண்டும். ஒரு வெடியில் சிதறிப் போகும் நூறு ரவையில் அறுபது, எழுபது மேல்பாதியில் விழுந்தால் நல்லது. அப்போதுதான் தட்டைக் குழலால் மறைக்காமல், மணிக்கு மேலே மிதக்கவிட்டுச் சுடலாம்.

இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து, கட்டையை உயர்த்துவது. தச்சரிடம் போக வேண்டியதில்லை. கெட்டி அட்டையைக் கீற்றுகளாக வெட்டி, அடுக்கி, மேலே துணி டேப்பைச் சுற்றுங்கள். பின்பக்கம் ஓரிரு அடுக்கு கூடுதலாக வைத்தால் சரிவும் குறையும். உதைக்கும்போது கட்டை கன்ன எலும்பில் இடிக்காது. பஞ்சு போன்ற மெத்தை வேண்டாம். அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு அமுங்கும். பின்குறியும் கூடவே ஆடும்.

எவ்வளவு உயர்த்துவது? அதைக் காகிதம் சொல்லும். கிளப்பில் ரவை பதியும் பலகை இருக்கும். வெள்ளைக் காகிதம் ஒட்டி, நடுவில் ஒரு கரும்புள்ளி வைத்து, 16 கஜத்தில் நின்று சுடுங்கள். நான்கைந்து வெடியை ஒரே காகிதத்தில் விட்டால் ரவைக்கூட்டத்தின் நடு எங்கே என்று புலப்படும். கட்டை அரைக்கால் அங்குலம் உயர்ந்தால் அந்தத் தூரத்தில் ரவை ஏறத்தாழ இரண்டு அங்குலம் மேலே ஏறும். புள்ளிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே வந்ததும் டேப்பை நிறுத்திக்கொள்ளலாம்.

குழல் முனையின் நெருக்கம், அதாவது சோக், மாடிஃபைடு போதும். கிளப்பில் பெரியவர்கள் "ஃபுல் போடு, தட்டு பொடியாகும்" என்பார்கள். பொடியாகும்தான், பட்டால். புதியவருக்கு ரவை கொஞ்சம் விரிந்து போவதே உதவி. தோட்டாவும் 28 கிராம் ரவைக்கு மேல் வேண்டாம். 870 மூன்று கிலோ சொச்சம்தான், எடை குறைந்த துப்பாக்கி நன்றாக உதைக்கும். ரப்பர் உறை ஒன்றை அடிக்கட்டையில் மாட்டினால் தோளுக்கு இதம், ஆனால் நீளமும் கூடும். கட்டையில் கன்னம் வைத்த நிலையில் மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி.

பம்ப் துப்பாக்கிக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று: சுட்ட தோட்டாக் கூடு வலப்பக்கம் தெறித்துப் பக்கத்தில் நிற்பவர் மேல் விழும். அவர் அடுத்த தட்டுக்குக் காத்திருப்பார். முன்கட்டையை மெதுவாகப் பின்னிழுத்து, கூட்டைக் கையில் பிடித்துக்கொள்ளப் பழகுங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு துவாரம் விட்டு, இரண்டு கண்ணாலும் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். அப்படியே கைகளை முகத்தருகே கொண்டுவாருங்கள். துவாரம் எந்தக் கண்ணிடம் வந்து சேர்கிறதோ அதுதான் ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆள்வது அபூர்வமல்ல. அப்படி இருந்தால் ஒன்று, பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்கத்தில் சிறு டேப் துண்டு ஒட்டி அந்தக் கண்ணை மங்கலாக்க வேண்டும். இல்லை, இடத்தோளுக்கு மாற வேண்டும். இடத்தோளிலிருந்து சுட்டால் 870இன் கூடு முகத்துக்கு முன்னால் குறுக்கே பறக்கும். அப்படிப்பட்டவர்கள் கூட்டை அடிவழியாகத் தள்ளும் பழைய இத்தாகா 37ஐத் தேடலாம். அது கிடைக்காவிட்டால் மாஸ்பெர்க் 500. அதில் கூடு வலப்பக்கம்தான் போகும், ஆனால் பாதுகாப்புப் பொத்தான் முதுகிலேயே இருப்பதால் எந்தக் கைக்கும் எட்டும்.