67 மரம், 2 பூஞ்சை: வேர்நுனி டிஎன்ஏ சொல்றதும் சொல்லாததும்

"மரங்கள் பூஞ்சை வழியா பேசிக்குது, தாய் மரம் குட்டி மரத்துக்குச் சாப்பாடு அனுப்புது"ன்னு ஒரு வீடியோ உங்களுக்கும் ஃபார்வர்ட் ஆகி வந்திருக்கும். அதுல எவ்வளவு உண்மைன்னு பார்க்க, மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சையை எப்படி அடையாளம் காண்றாங்கன்னு முதல்ல தெரியணும்.

ஊசியிலை மரங்களோட வேர்நுனியைப் பூஞ்சை ஒரு உறை மாதிரி மூடியிருக்கும். மரத்துக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைக்கும், பூஞ்சைக்குச் சர்க்கரை கிடைக்கும். ஆனா உறையை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்றது கஷ்டம். மேல முளைக்கிற காளானை எண்ணினாலும், கீழ இருக்கிறதோட கணக்கு ஒத்துப்போகாது. அதனால 1990களில் இருந்து வேர்நுனியில டிஎன்ஏ எடுத்து, ஐடிஎஸ் என்கிற பகுதியை பிசிஆர் மூலமா பெருக்கி, டேட்டாபேஸில் தேடுறாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஒரே வேர்நுனியில ரெண்டு டிஎன்ஏ இருக்கு: மரத்தோடது ஒண்ணு, பூஞ்சையோடது ஒண்ணு. நம்ம பாஷையில சொன்னா, அது ஜாயின் டேபிளில் ஒரு வரிசை!

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு டக்ளஸ் ஃபிர் காடு. அங்க 30க்கு 30 மீட்டர் இடத்துல கெவின் பெய்லர், சூசன் சிமார்ட் குழு இதைத்தான் செஞ்சாங்க. ரைசோபோகன் வகையில ரெண்டு இனம். பார்க்க ஒரே மாதிரி, டிஎன்ஏதான் பிரிச்சுக் காட்டும். இனத்தோட நிறுத்தாம, எது எந்தத் தனிப் பூஞ்சை, எந்த மரத்தோட வேர்னு மைக்ரோசாட்டிலைட் வச்சுப் பிரிச்சாங்க. 2010ல வந்த முடிவு: அங்க இருந்த 67 மரங்கள்ல ஒரே ஒரு மரம் மட்டும் 47 மரங்களோட பூஞ்சையைப் பகிர்ந்திருந்தது.

பிரமாதமான வரைபடம். ஆனா அதுல இருக்கிற கோடு ஒவ்வொண்ணும் நாம ஊகிச்சது. ரெண்டு மரத்துலயும் ஒரே பூஞ்சை இருக்குன்னு டிஎன்ஏ சொல்லும். நடுவுல இழை அறுந்திருக்கான்னு சொல்லாது. அது வழியா சாப்பாடு போச்சான்னும் சொல்லாது.

2023ல ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்ஸமா மூணு பேரும், காட்டுல கிடைச்ச ஆதாரத்தைத் தாண்டி இந்தக் கதை ஓடுதுன்னு எழுதினாங்க. இதுல ஜோன்ஸ், சிமார்டோட புகழ்பெற்ற 1997 ஆய்வுக் கட்டுரையில அவங்களும் ஒரு ஆசிரியர்!

எந்த மரத்தை வெட்டலாம், எதை விடலாம்னு முடிவெடுக்கிற இடம் வரைக்கும் இந்தக் கதை போகுது. அதனால அடுத்த தடவை அந்த வீடியோ வந்தா, "லைன் இருக்குன்னு காட்டினீங்க, சரி. டேட்டா போச்சா?"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.