சட்டை லேட்டா வரும்

சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட, வீட்டுக்குக் கூடப் போகாம நேரா இங்க வந்து பின்னாடி நின்னுட்டு இருக்கற என் பனியன் கம்பெனி மக்களே!

'பெருந்தொற்றும் உலகக் குடிமைக் கல்வியும்'னு தலைப்புக் குடுத்திருக்காங்க. எனக்கு முன்னாடி பேசின மூணு பேரும் கணியன் பூங்குன்றனாரைக் கூப்பிட்டாச்சு. புறநானூத்துல 192-ஆவது பாட்டா நிம்மதியா இருக்கற மனுசன். நானும் போயி எழுப்ப மாட்டேன், பயப்படாதீங்க. நான் ஒரு டீச்சரைப் பத்திப் பேசறேன். பேரு சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, சொல்லலை.

2020 மார்ச்சுல பள்ளிக்கூடத்தைப் பூட்டினாங்களா? ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் படிக்கற பிள்ளைங்களுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் ஒண்ணாம் தேதி. நடுவுல ஒண்ணரை வருசத்துக்கும் மேல. போன் இருக்கற வீட்ல போன்ல பாடம். போன் இல்லாத வீட்ல? பையன் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போயிட்டான், அவ்வளவுதான். அப்பத்தான் அந்தம்மா ஒரு லைன் வீட்டு வாசல்ல பாயை விரிச்சாங்க. அஞ்சாம் வகுப்பு டீச்சர். பாதிப் பிள்ளைங்க நம்ம பிள்ளைங்க, மீதி ஒடிசா, பீகார்.

பாடம் என்னன்னு கேளுங்க. "உங்கம்மா கம்பெனியில தப்பா அச்சடிச்சு ஒதுக்கின லேபிள் கிடக்கும், ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க"ன்னாங்க. சட்டைக்கு உள்ள, பக்கத் தையல்ல நாக்கு மாதிரி வெள்ளையா ஒண்ணு தொங்குமே, வாஷ்கேர் லேபிள், அது. ஒரு லேபிளைப் பிரிச்சா மடிப்பு மடிப்பா வருது. ஜெர்மன், போலிஷ், ஸ்பானிஷ், டச்சு. எல்லா மொழியிலயும் ஒரே சேதி: முப்பது டிகிரி தண்ணியில துவைங்கப்பா! பிள்ளைங்க அதை உலகப் படத்துல அந்தந்த நாட்டு மேல சோத்துப் பருக்கையை வச்சு ஒட்டறாங்க.

ஒட்டி முடிச்சதும் டீச்சர் கேட்டாங்க: "இந்தச் சட்டை போற ஊர்ல காய்ச்சல் வந்தா உங்கம்மாவுக்கு என்ன ஆகும்?" ஒரு பையன் பட்டுன்னு சொன்னான், "ஆர்டர் கேன்சல் ஆகும் டீச்சர்." சரி, "உங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்தா அந்த ஊர்க்காரங்களுக்கு என்ன ஆகும்?" ஒருத்தரும் வாயைத் திறக்கலை. கடைசியில ஒரு ஒடியாப் பிள்ளை எந்திரிச்சு, கொஞ்சம் தமிழ் கொஞ்சம் இந்தியில சொல்லுச்சு: "அவங்களுக்குச் சட்டை லேட்டா வரும்."

கைதட்டறீங்க. எனக்கு அன்னைக்குக் கை எழும்பலைங்க. இந்தியாவோட பின்னலாடை ஏற்றுமதியில பாதிக்கு மேல நம்ம திருப்பூருது. வருசத்துக்கு முப்பதாயிரம் கோடிக்கு மேல, கணக்குப் பிள்ளைங்க கூடக் குறைச்சுச் சொல்லுவாங்க. அவ்வளவு பெரிய வியாபாரத்தோட மொத்த நியாயத்தையும் பத்து வயசுப் புள்ளை நாலு வார்த்தையில முடிச்சிருச்சு. இங்க சோறு போகும். அங்க சட்டை லேட்டா வரும்.

2020 ஏப்ரல்ல எத்தனை கம்பெனியில துணி வெட்டி, தச்சு, அயர்ன் போட்டு, பெட்டியில அடுக்கி வச்ச சரக்குக்கு 'வேண்டாம்'னு வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு? பேரு சொல்லலை. நீங்க எல்லாம் தச்ச பேருதான். அவங்க வெப்சைட்டைத் திறந்தா முதல் பக்கமே பொறுப்பு, மனிதநேயம், பூமித்தாய். நூல்காரனுக்கும் சாயப்பட்டறைக்கும் பாக்கி வச்சுட்டு நம்ம ஆளு ராத்திரியெல்லாம் தூங்காம உட்கார்ந்திருந்தான். தடுப்பூசி வந்துச்சே, என்ன ஆச்சு? பணக்கார நாடு தன் ஜனத்தொகைக்கு மேல பல மடங்கு வாங்கிப் பூட்டி வச்சது. காப்புரிமையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்கன்னு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர்ல கேட்டுச்சு. இழுத்தாங்க, இழுத்தாங்க, எலாஸ்டிக் மாதிரி இழுத்தாங்க.

உலகம் ஒண்ணா நிக்கறது முடியாத காரியமான்னு கேட்டா, முடியும்ங்க. பெரியம்மையைப் பாருங்க. நம்ம கொங்கு நாட்டுல வீட்டு வாசல் நிலையில வேப்பிலை சொருகினா, 'உள்ள அம்மை இருக்குது, வராதே'ன்னு அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியற போர்டு. கோயமுத்தூர்ல பிளேக் வந்தப்ப பிளேக் மாரியம்மனே வந்தா. 2021-ல இருகூர்ல கொரோனா தேவிக்கும் சிலை வச்சாங்க. சிரிக்காதீங்க, பயந்தவன் கும்பிடறான். ஆனா பெரியம்மையை ஒழிச்சது ஊசி. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருத்தன் மேல ஒருத்தன் அணுகுண்டைக் குறி வச்சுட்டு இருந்த காலத்துல, இந்த விசயத்துல கை கோத்தாங்க. ரஷ்யாக்காரன் தடுப்பு மருந்தை அள்ளிக் குடுத்தான். நம்ம கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் மருந்து தயாரிச்சுது. 1980 மே மாசம் உலகத்துல பெரியம்மையே இல்லைன்னு அறிவிச்சாங்க. பகையாளிக்கே முடிஞ்சுது, பங்காளிக்கு முடியாதா?

சரி, பங்காளின்னதும் ஞாபகம் வந்துருச்சு. எங்க ஏரியாவுல ஒருத்தர். பேரும் வேண்டாம், கட்சியும் வேண்டாம். கொரோனாவுல இலவச மாஸ்க் குடுத்தாரு. நல்ல பனியன் துணி, ரெண்டு மடிப்பு, தையல் சுத்தம். ஆனா நடு மூக்குல அவரு படம்! தெருவுல போறவன் வர்றவன் அத்தனை பேரும் அவரா வர்றாங்க. எங்க அம்மா திண்ணையில உட்கார்ந்துட்டு, "ஏன் சாமி, எலக்சன் வந்துருச்சா?"ங்கறா. அவரேதான் அப்புறம் மைக்கைப் பிடிச்சு, 'வடக்கத்திக்காரன் வந்துதான் நோயைப் பரப்பினான்'னு பேசினாரு. அவரு படம் போட்ட மாஸ்க்கைத் தச்சதே ஒரு பீகார் பையன்தானுங்க!

அந்தப் பையனெல்லாம் என்ன ஆனான்? 2020 மே மாசம் நம்ம ஸ்டேசன்ல, கொடி காத்த குமரன் மண்டபத்துக்கு எதிர்க்கயே, மூட்டையோட வரிசையில உட்கார்ந்திருந்தான். எத்தனை ரயில், எத்தனை ஆயிரம் பேரு. காதர்பேட்டை பனியன் கடைப் பக்கம் ஈ காக்கா இல்லை. ரெண்டு மாசம் கழிச்சு ஆர்டர் வந்ததும் என்ன பண்ணினோம்? பஸ் அனுப்பி, 'தம்பி வாப்பா'ன்னு கூட்டிட்டு வந்தோம். ஒண்ணரை ஷிப்ட் ஓட்ட அவன் வேணும். காய்ச்சல் வந்தா மட்டும் அவன் எவனோவா? 2023 மார்ச்சுல யாரோ எங்கயோ எடுத்த வீடியோவை, 'தமிழ்நாட்டுல பீகாரிகளை அடிக்கறாங்க'ன்னு சுத்த விட்டாங்க. பீகார் அதிகாரிங்க திருப்பூருக்கே வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. பொய்யினு ஆச்சு. அதுக்குள்ள எத்தனை பேரு பயந்து ரயிலேறினாங்க?

வெளிநாட்டுக்காரனைத் திட்டினப்ப நல்லாக் கை தட்டினீங்க. இப்ப கை எங்க போச்சு? இன்னும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நொய்யல் ஆத்துல சாயத்தை விட்டது யாரு? ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ இருக்கற விவசாயி வயல் உப்புப் பூத்துக் கெட்டப்ப, நம்ம என்ன சொன்னோம்? ஷிப்மென்ட் இருக்குதுன்னோம். 2011 ஜனவரியில ஹைகோர்ட் எழுநூறு சாயப்பட்டறைக்கு மேல மூடச் சொன்ன பிறகுதான் அந்த விவசாயி நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சாரு. அந்த வெளிநாட்டு பையருக்கு நம்ம எப்படியோ, ஒரத்துப்பாளையத்துக்காரருக்கு நம்ம அப்படி. மேல இருக்கறவனுக்குக் கீழ இருக்கறவன் லேட்டாத்தான் தெரியறான்.

2025 மே மாசம் ஜெனீவாவுல பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டாங்க, 124 நாடு ஆதரவு. நல்ல விசயம். மருந்தை எப்படிப் பங்கு போடறதுங்கற சிக்கலான பகுதியை மட்டும் அப்புறம் பேசிக்கலாம்னு தள்ளி வச்சுட்டாங்க. நம்ம பஞ்சாயத்துலயும் அப்படித்தானே.

சீட்டு வந்திருக்கு, நேரமாச்சுன்னு. இதோ முடிச்சர்றேன். அந்த டீச்சர் விசயம் பாதியில நிக்குது. லேபிள் பாடம் முடிஞ்ச மறுநாள், கை கழுவற பாடம் வச்சாங்க. சோப்பு இருக்குது, இருபது செகண்ட் தேய்க்கணும்னு பிள்ளைங்களுக்குத் தெரியுது. குழாயைத் திறந்தா தண்ணி வரலை. பத்து வீட்டுக்கு ஒரே குழாய், அதுவும் வாரத்துல ரெண்டு நாள். வீட்டுக்காரர்கிட்டப் போயி இன்னொரு குழாயும் ஒரு தொட்டியும் வைங்கன்னு கேட்டாங்க. "நீங்க பாடம் மட்டும் நடத்துங்க டீச்சர்"னு அனுப்பிட்டாரு. அந்தம்மாவுக்கு யாரும் சால்வை போடலை, மாஸ்க்குல படம் போட்டவருக்குத்தான் போட்டோம், இதே ஊர்ல.

முன் வரிசையில லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டவங்க எத்தனை பேரு இருக்கீங்க? கை தூக்க வேண்டாம், எனக்கே தெரியும். வாடகை ஏத்த வர்ற மாசம் போவீங்கல்ல, போறப்ப ஒரு பிளம்பரையும் கூட்டிட்டுப் போங்க. மூணாவது சீட்டும் வந்துருச்சு, மைக்கை நிறுத்தறதுக்குள்ள உட்கார்ந்துக்கறேன்.