கடல் கடந்த சந்தையில் நம் வெங்காயம்

(கயத்தாறு ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மாலத்தீவின் தலைநகரான மாலே ஒரு சிறு பவளத் தீவு. அங்கு உழுவதற்கு நிலமில்லை. ஆகவே தூத்துக்குடியிலிருந்து தோணிகள் வெங்காயமும் காய்கறிகளும் ஏற்றிச் செல்கின்றன. உள்ளூர்ச் சந்தையில் விற்பவரின் முகமறிந்து வாங்குகிறோம். மாலேயில் வாழும் தமிழரோ, துறையருகே உள்ள சந்தையில் வெங்காயம் வாங்கினால், விளைவித்தவரை அறியார். அவருக்குச் சரக்கே சாட்சி.

மூட்டையில் அழுகல் சில இருப்பினும், கடற்பயணத்தில் மற்றவையும் கெடும். அந்த நட்டம் இறுதியில் விவசாயியின் விலையைக் குறைக்கும். எனவே அறுவடைக்குப்பின் நிழலில் நன்கு உலர்த்துங்கள். தாளும் வேரும் நறுக்கி, தரம் பிரித்து, காற்றோட்டமுள்ள சாக்கில் கட்டுங்கள். பொதுக்களமும் நிழற்கொட்டகையும் அமைக்கப் பஞ்சாயத்துகள் முன்வருதல் வேண்டும். கலப்பற்ற மூட்டையே நமக்கு நல்விலை பெற்றுத் தரும்.