தலைவலி என்று சொன்ன தேதி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘மாணவர் உடல்நலமும் ஆசிரியரும்’ என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவர் அல்லன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன். என் வகுப்பில் நடந்த ஒன்றை, அதில் என் தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பு முடியும்போது அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். இதன் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். முதல் சில மாதங்கள் கடுமையான மருந்துகள். அதன்பின் வீட்டில் மாத்திரை, இடையிடையே மருத்துவமனையில் ஊசி. இந்தக் கட்டத்தில்தான் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். முடி வளர்ந்திருக்கும், முகம் தெளிந்திருக்கும். ‘சரியாகிவிட்டது’ என்று நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையில் சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

காலாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். ஒரு நாள் காலையில், “சார், தலை வலிக்குது” என்றான். “தண்ணி குடிச்சிட்டு உட்காருப்பா” என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னான். அன்று வகுப்பில் தேர்வு. “டெஸ்ட்னாலே உனக்குத் தலைவலி வந்துடுமா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கரும்பலகையைப் பார்த்து எழுதினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவனுக்கு எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கின்றன.

கவனித்தவர் சத்துணவு அமைப்பாளர் அக்காதான். “சார், அந்தப் பையன் ரெண்டு நாளா சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறான். என்னன்னு பாருங்க” என்றார். உடனே அவன் அம்மாவை வரவழைத்தோம். “காய்ச்சல் இல்லையே சார்” என்றார் அவர். இருந்தாலும் அன்றே அவன் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்குப் போனோம். நானும் உடன் சென்றேன்.

மருத்துவரின் முதல் கேள்வி, “எத்தனை நாளா தலைவலி?” என்பதுதான். “முந்தாநாள்லேர்ந்து” என்றார் அம்மா. பையன் தலையைக் குனிந்தபடி, “ரெண்டு வாரமாச்சு. சார்கிட்ட சொன்னேன்” என்றான்.

வீட்டில் சொன்னால் அம்மா வேலைக்குப் போகாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார். ஒரு நாள் கூலி போய்விடும் என்று மறைத்திருக்கிறான். அந்தத் தலைவலி எப்போது தொடங்கியது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் அவன், இன்னொருவன் நான்.

கீழ் முதுகில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுத்துச் சோதித்தார்கள். வந்திருந்தது பூஞ்சையால் ஏற்படும் மூளை உறை அழற்சி. பூஞ்சையின் பெயர் கிரிப்டோகாக்கஸ். இதைக் கண்டறியும் பழைய முறை நமக்குப் பழகிய பொருளைக் கொண்டது. திரவத்தில் ஒரு துளி இந்திய மை கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், கறுப்புப் பின்னணியில் பூஞ்சைச் செல்லைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். அது அதன் தடித்த மேலுறை. மை அதற்குள் புகாது. இப்போது இதைவிட நுட்பமான ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.

இந்தப் பூஞ்சை மண்ணிலும் புறா எச்சத்திலும் வாழ்கிறது. புறா எச்சத்தில் இது இருப்பதை 1955இல் எம்மன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். காய்ந்த தூசியோடு மூச்சில் நுழைந்து நுரையீரலை அடைகிறது. நலமாக இருப்பவரின் உடல் பெரும்பாலும் இதை அங்கேயே அடக்கிவிடும். ரத்தப் புற்றுநோயில் அந்தக் காவல் செய்யும் வெள்ளணுக்களே பழுதுபட்டிருக்கின்றன. மருந்துகளும் ஸ்டீராய்டும் மீதியையும் தளர்த்துகின்றன. எனவே பூஞ்சை ரத்தத்தில் கலந்து மூளை உறையை எட்டிவிடுகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ், கேண்டிடா போன்ற வேறு பூஞ்சைகளும் இவர்களைத் தாக்கும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக ஆபத்தான வரிசையில் கிரிப்டோகாக்கஸும் இருக்கிறது.

அரிதாக வரும் நோய்தான். ஆனால் மெல்ல வருவதால் ஏமாற்றிவிடும். நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் வெறும் தலைவலி. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இல்லாமலே போகலாம். ‘காய்ச்சல் இல்லையே’ என்ற நம் ஆறுதல் இங்கே செல்லாது.

மருந்து இருக்கிறது. முக்கியமானது ஆம்போடெரிசின் பி; வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1950களில் எடுக்கப்பட்டது. 2021இல் கருப்புப் பூஞ்சை நோயின்போது இந்தப் பெயரைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். மருத்துவமனையில் வாரக்கணக்கில் இதை ஏற்றியபின், பல மாதம் மாத்திரை தொடர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

சிகிச்சையில் இருக்கும் பிள்ளை தலைவலி, வாந்தி, பார்வைக் குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சில் தடுமாற்றம் என எதைச் சொன்னாலும், அது நம் கண்ணில் பட்டாலும், அன்றே பெற்றோரை அழையுங்கள். நாமாக மாத்திரை கொடுக்க வேண்டாம்.

சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள்.

சிகிச்சை தரும் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைச் சேர்க்கையின்போதே வாங்கி வையுங்கள்.

வகுப்பறை கூட்டும் வேலையையும், பழைய அறை ஒதுக்கும் வேலையையும் அந்தப் பிள்ளைக்குத் தராதீர்கள். புறா எச்சம் இருந்தால், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், தண்ணீர் தெளித்து நனைத்தபின், முகக்கவசம் அணிந்த பெரியவர்கள் அகற்றட்டும்.

இந்தப் பூஞ்சை நோய் ஒரு பிள்ளையிடமிருந்து பக்கத்துப் பிள்ளைக்கு ஒட்டாது. ஆகவே யாரையும் தனி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

என் மாணவன் அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு திரும்பி வந்தான். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. “முன்னாடியே கூட்டி வந்திருந்தா கண்ணு தப்பியிருக்குமா?” என்று மருத்துவரிடம் கேட்டேன். “உறுதியா சொல்ல முடியாது சார். ஆனா இந்த நோய்ல ஒவ்வொரு நாளும் முக்கியம்” என்றார். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு முன்னால் கேலி செய்ததால், வகுப்பு முன்னால்தான் கேட்டேன்.

இப்போது என் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எந்தப் பிள்ளை உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னாலும் பெயர், தேதி, சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். சில பிள்ளைகள் தேர்வுக்குப் பயந்து பொய்யும் சொல்கிறார்கள். அதையும் எழுதி வைக்கிறேன். அதனால் எனக்கு அரை நிமிடம்தான் செலவு.