உப்பும் உயிரும்
(சிதறாலில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



மலையடிவாரத்தில் கூடியிருக்கும் உங்களிடம் கடற்சிப்பியைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நமது பக்கமாய் ஓடும் தாமிரபரணி குழித்துறையைக் கடந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. ஆகவே பேச்சிப்பாறையில் பெய்யும் மழைக்கும் கடற்பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிக்கும் சம்பந்தமுண்டு.

பெருமழைக்குப் பின் பொழிமுகத்தருகே சிப்பிகள் வாய்பிளந்து செத்துக் கிடந்தால், "கடலம்மைக்குக் கோபம்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கோபத்தை அளக்க முடியாது, உப்பை அளக்கலாம். கடல் நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்புண்டு. வெள்ளம் புகுந்தால் அது வெகுவாய்க் குறைகிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதுகிறதல்லவா? அப்படியே சிப்பியின் தசைக்குள்ளும் நீர் புகும். அதைத் தடுக்கவே அது ஓட்டை இறுக மூடிக்கொள்கிறது. மூடினால் இரையுமில்லை, போதிய மூச்சுமில்லை. சில நாள் தாக்குப்பிடிக்கும். வெள்ளம் நீடித்தால் சாகும்.

கோடையில் இதற்கு நேர்மாறு. பாறைக்குழியில் தேங்கிய நீர் வெயிலில் வற்றி உப்பு ஏறும். உப்புத் தூவிய மாங்காய் நீர் விடுவதுபோல், அதிலுள்ள ஜீவன்களின் சரீரத்திலிருந்து நீர் வெளியேறும்.

களிநண்டோ செவுள்களால் உப்பை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். ஆதலால் கழிமுகத்தில் பிழைக்கிறது. ஆனாலும் அதன் குஞ்சுகளுக்கு உப்பு நீரே வேண்டியிருப்பதால், பெண் நண்டு முட்டையுடன் கடலுக்குப் போகிறது. நட்சத்திரமீனுக்கு உப்பைச் சரிக்கட்டும் அவயவமே இல்லை. ஆகையால் நல்ல தண்ணீரில் வாழும் நட்சத்திரமீன் உலகில் எங்குமே கிடையாது.

தோழர்களே! நமது ஜில்லாவுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று வருஷத்தில் இரண்டு மழை. ஒவ்வொன்றிலும் கடலில் முங்கிச் சிப்பி எடுப்போரின் அடுப்பெரிவது இந்த உப்பைப் பொறுத்தே இருக்கிறது. அணையைத் திறக்குமுன் ஆற்றங்கரையாருக்குச் செய்யும் எச்சரிக்கை அவர்கள் குடிசை வரைக்கும் எட்டவேண்டாமா? ஒரு துளி நீரைக்கொண்டு உப்பைக் காட்டும் கைக்கருவி இன்று இருக்கிறது. நேர்ச்சைக்குச் செலவாகும் பணத்தில் சிறு பங்கைப் போட்டு ஊருக்கொன்று வாங்கினால், உப்பு இறங்கும்போதே சிப்பியை எடுத்து விற்கலாம். நண்டு, இறால் வளர்ப்போர் மடையை அடைக்கலாம். வேண்டுதலால் உப்பு ஏறாது. முன்கூட்டி அறிந்தால் நஷ்டமாவது குறையும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.