யானை கொடுத்தோம், யந்திரம் வாங்கினோம்

(ஓசூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் இந்தியா - ஜப்பான் சிநேகம் என்பதாகும். தேசங்களின் சிநேகம் என்றதும் மந்திரிகள் கை குலுக்குவதும், நாட்டியக்காரர்கள் அங்குமிங்கும் போய் வருவதும்தான் ஜனங்களுக்கு ஞாபகம் வரும். அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றுக் கொண்டார்கள் என்பதை வைத்துத்தான் சிநேகத்தை அளக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு யானையின் சங்கதி சொல்லுகிறேன். புராணக் கதையல்ல, நடந்த காரியம். யுத்த காலத்தில், 1943-இல், குண்டு விழுந்தால் மிருகங்கள் வெளியேறிவிடும் என்று பயந்து, டோக்கியோவிலுள்ள உவேனோ மிருகக்காட்சிச் சாலையின் யானைகளைப் பட்டினி போட்டே கொன்றார்கள். யுத்தம் முடிந்தபின், ஒரு யானை வேண்டுமென்று அவ்வூர்க் குழந்தைகள் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1949-இல் இந்திரா என்ற யானை கப்பலேறிப் போயிற்று. அது நம் பக்கத்து மைசூர் யானை. அதற்குத் தெரிந்த பாஷை கன்னடம் ஒன்றுதான்!

ஜப்பான்காரர் என்ன செய்தார்கள்? எங்கள் பாஷைதான் உயர்ந்தது, யானை அதைத்தான் கற்க வேண்டும் என்று உட்கார்ந்து விட்டார்களா? இல்லை. கூடப்போன பாகர்களிடம் அங்குள்ள காவலர்கள் கன்னட வார்த்தைகளைக் கற்றுக் கொண்டார்கள். விஷயம் தெரிந்தவன் எவனோ அவனே வாத்தியார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஓசூர்க்காரர்களாகிய உங்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

நிற்க, யானையைக் கொடுத்த நாம் அவர்களிடம் யந்திரத்தை வாங்கினோம். 1982-இல் டி.வி.எஸ். கம்பெனியாரும் ஜப்பானிய சுசுகி கம்பெனியாரும் ஒப்பந்தம் செய்து, இதே ஓசூரில் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 2001-இல் இருவரும் பிரிந்தார்கள். மறு வருஷமே, 2002-இல், ஓசூர் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனிக்கு ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. கூட்டாளி போனான், கற்ற வித்தை போகவில்லை!

“வேதத்திலேயே சகலமும் இருக்க, அந்நியனிடம் கற்க என்ன இருக்கிறது?” என்று வைதீகர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லுகிறேன். அந்தப் பரிசுக்குப் பெயரான டெமிங் ஜப்பானியர் அல்ல, அமெரிக்கர். 1945-இல் தங்கள் இரண்டு ஊர்களை அணுகுண்டு போட்டு எரித்த தேசத்தாரில் ஒருவரை, ஐந்தே வருஷத்தில் ஜப்பானியர் அழைத்துப் பாடம் கேட்டார்கள். 1951-இல் அவர் பெயரால் பரிசும் வைத்தார்கள். அவர் சொன்ன பாடம் என்ன? சாமான் பழுதானால் தலைவிதி என்னாதே, தொழிலாளி மேல் பழி போடாதே, காரணத்தைத் தேடு என்பதுதான். பகுத்தறிவு என்று நாம் சொல்லுவதும் அதைத்தானே!

ஆனால் தோழர்களே, அந்தப் புத்தியைத் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே கொண்டு வந்தோமா? அளவு பார்த்து, ஆணி பார்த்து, நூறு தரம் சோதித்துச் செய்த வண்டி வெளியே வந்தவுடன், அதன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோமே! வண்டி நிற்பது பிரேக்கினாலா, பழத்தினாலா?

அது போகட்டும், அதைவிடக் கேடான விஷயம் இருக்கிறது. ஐந்து எஸ் என்று ஜப்பானிய வார்த்தைகள் ஐந்தை இங்குள்ள தொழிலாளத் தோழர்கள் பாடம் செய்திருக்கிறீர்கள். அதில் மூன்றாவது செய்சோ, அதாவது சுத்தம் செய்தல். அவனவன் இடத்தை அவனவனே துடைக்க வேண்டும். ஜப்பான் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்குகிறார்கள். நாமோ பெருக்குவதற்கென்று ஒரு ஜாதியை வைத்துக் கொண்டோம். யந்திரத்தைத் துடைக்கிற கை, வீட்டுக்கு வந்தால் கக்கூசைக் கழுவ மறுக்கிறது. மனிதன் கையால் மலம் அள்ளக்கூடாதென்று 1993-லும் 2013-லும் சட்டம் செய்தும், மலக்குழியில் இறங்கி மூச்சடைத்துச் சாகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செத்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று பாருங்கள்.

ஜப்பானை நான் சொர்க்கமாக்கிக் காட்டவில்லை. சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தமிழர்களைக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் சாகவிட்டது ஜப்பானிய ராணுவம். வண்டிக்கு மந்திரிக்கும் கோயில்கள் அங்கேயும் உண்டு. தோல் வேலை செய்தவர்களையும் மாடு அறுத்தவர்களையும் அங்கேயும் ஊருக்குப் புறம்பே தள்ளி வைத்திருந்தார்கள். 1871-இல் அந்த இழிவைச் சட்டத்தால் ஒழித்தார்கள், மனத்தால் ஒழிக்கவில்லை. ஆகவே அம்மக்களே 1922-இல் கியோட்டோ நகரில் சுயிஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கத்தைக் கண்டார்கள். இங்கே சுயமரியாதை இயக்கம் பிறந்தது 1925-இல். அதன் பின்னும், அவர்கள் வாழ்ந்த ஊர்களின் பட்டியலை அச்சடித்து, வேலைக்கு வருகிறவன் யாரென்று துப்பறியக் கம்பெனிகளுக்கு விற்றார்கள் என்பது 1975-இல் வெளிப்பட்டது. இங்கே “தம்பி, உனக்கு எந்தத் தெரு?” என்று கேட்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே அவர்களுக்கும் நமக்கும் உள்ள நோய் ஒன்று. நோயாளிகள் இருவரும் நாட்டியத்தை மாத்திரம் பரிமாறிக் கொண்டு, மருந்தைப் பற்றிப் பேசாமலிருந்தால் அது என்ன சிநேகம்? அவர்களுடைய சமத்துவச் சங்கத்தின் சரித்திரம் தமிழில் வரவேண்டும்; நம் கிளர்ச்சிகளின் சரித்திரம் அவர்கள் பாஷையில் போகவேண்டும்.

அதுவரை காத்திராமல் நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்களைத்தான் சொல்லுகிறேன். துடைப்பத்தை எடுத்து உங்கள் வாசலை நீங்களே பெருக்குங்கள், கக்கூசை நீங்களே கழுவுங்கள். பக்கத்து யந்திரத்தில் நிற்பவனை எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். செய்சோ என்ற வார்த்தையைக் கற்ற ஊர் இதையாவது செய்ய வேண்டாமா?