கேஸ் போடறது நீங்க, கோர்ட்டை முடிவு பண்றது யாரு?

நீங்க கலிஃபோர்னியாவாசி. உங்க கார் மேல டெக்சாஸ் கம்பெனி லாரி ஒன்னு இடிச்சிருச்சு. நஷ்டஈடு கேட்டு எங்க கேஸ் போடுவீங்க? மாநில கோர்ட்டா, ஃபெடரல் கோர்ட்டா?

கேஸ் போடறவங்க இஷ்டம்னுதான் நானும் நினைச்சேன். பாதிதான் சரி. ரெண்டு தரப்பும் வேற வேற மாநிலம், கேட்கும் தொகை 75,000 டாலருக்கு மேல என்றால், சம்மன் கிடைச்ச 30 நாளுக்குள் கம்பெனி கேஸை ஃபெடரலுக்கு மாத்திக்கலாம். நீங்க எச்1பி விசாவில் இருக்கிற வெளிநாட்டுக் குடிமகன் என்றாலும் இதே கதைதான்.

எதுக்கு மாத்தணும்? முக்கியமா ஜூரிக்காக. கலிஃபோர்னியா மாநில கோர்ட்டில் 12 பேரில் 9 பேர் ஒத்துக்கிட்டாலே தீர்ப்பு. ஃபெடரலில் 6 பேர் இருந்தாலே போதும், ஆனா பொதுவா அத்தனை பேரும் ஒத்துக்கணும். ஒரே ஒருத்தர் முரண்டு பிடிச்சா மறுபடி முதல்லேருந்து விசாரணை. அடிபட்டவருக்கு அதைத் தாங்குற தெம்பு இருக்குமா, சொல்லுங்க.

சரி, லாரி டிரைவரும் கலிஃபோர்னியாக்காரர், தப்பு அவர் மேலயும் இருக்கு. அவரையும் பிரதிவாதியா சேர்த்துட்டா, பொதுவா கேஸ் மாநில கோர்ட்டை விட்டு நகராது. மனுவில் யார் யார் பேரைப் போடறதுன்னு வக்கீல் மண்டையை உடைச்சுக்கிறது இதுக்குத்தான்.